அஜ்ரக்பூர் பட்டறைக் கடை: துணியும், அந்த ஊர் எந்திரிச்ச விதமும்

குஜராத்ல இருக்கற கட்ச் போறவங்க முக்காவாசி பேர் வெள்ளை ரண் உப்புப் பாலைவனத்துல போட்டோ எடுத்துட்டு, பூஜ் பஜார்ல நாலு துப்பட்டா அள்ளிட்டு ஊர் திரும்பிடறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. பூஜ்லேருந்து பச்சாவ் போற ரோட்ல ஆட்டோ பிடிச்சா அரை மணி நேரத்துக்குள்ள அஜ்ரக்பூர்னு ஒரு சின்ன ஊர் வரும், அங்க அஜ்ரக்னு சொல்ற, கட்டைல அச்சடிச்சு சாயம் போடற துணிய செய்யற கத்ரி குடும்பங்க வீட்டோட பட்டறை வச்சிருக்காங்க, பட்டறைக்கு முன்னாடியே ஒரு ஹால்ல கடை, நேரா அங்க போய் வாங்குங்க. நான் வாங்கின கடையோட பேரை இங்க போடல, அங்க போறவங்க எல்லாரும் ஒரே வாசல்ல போய் நிக்க வேண்டாம், பக்கத்துல பக்கத்துல நிறைய குடும்பம் இதே வேலைய இதே நேர்த்தியா செய்யுது, ரெண்டு மூணு வீடு ஏறி இறங்கி பாத்து பிடிச்சத வாங்குங்க.

முதல்ல துணி. நான் எடுத்தது ஒரு காட்டன் சேலை, மோடல்ங்கற வழவழப்பான துணில ஒரு ஸ்டோல், அப்புறம் குர்தா தைக்க மீட்டர் கணக்குல கொஞ்சம் காட்டன். சேலை ரெண்டாயிரத்து எண்ணூறு, ஸ்டோல் ஆயிரத்து நானூறு. சென்னைல எக்ஸிபிஷன்ல இதே மாதிரி சேலைக்கு கூசாம நாலாயிரத்துக்கு மேல சொல்றாங்க. இங்க பேரம் கிடையாது, எல்லாத்துலயும் சீட்டுல விலை எழுதி ஒட்டியிருக்கு, நானும் கேக்கல, கேக்கவும் மனசு வராது, ஏன்னா துணி எடுக்கறதுக்கு முன்னாடியே கடைக்கார பாய் நம்மள உள்ள கூட்டிட்டு போய் அந்த வேலை மொத்தத்தையும் காட்டிடறாரு.

அந்த வேலைய கொஞ்சம் விவரமா சொல்லணும், இல்லன்னா இந்த விலை எதுக்குன்னு புரியாது. துணி வந்ததும் முதல்ல ஒட்டகச் சாணம், விளக்கெண்ணெய், சோடா கலந்த தண்ணில ஊறப்போட்டு, காயவச்சு, திரும்ப ஊறப்போட்டு நூல்ல இருக்கற கஞ்சிய எல்லாம் எடுத்துடறாங்க. அப்புறம் கடுக்காய் தண்ணில முக்கி எடுத்தா துணி இளமஞ்சளா ஆயிடும். அதுக்கு மேல சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசைய அச்சுக்கட்டைல தொட்டு அடிக்கறாங்க, அந்த இடம் எல்லாம் கடைசி வரைக்கும் வெள்ளையா நிக்கும். கறுப்புக்கு என்ன பண்றாங்கன்னு பாத்தா, பழைய இரும்புத் துண்டு, வெல்லம் எல்லாம் தண்ணில போட்டு நாள் கணக்கா புளிக்கவச்சு, அந்த தண்ணிய புளியங்கொட்டை மாவு போட்டு கெட்டியா காய்ச்சறாங்க. சிவப்புக்கு படிகாரப் பசைய அடிச்சு வச்சுட்டு, பின்னாடி மஞ்சிட்டி வேர் போட்டு செப்பு அண்டால கொதிக்கவிடறாங்க, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை பிடிச்சுக்கும். நடுவுல அவுரித் தொட்டில முக்கறது, வெளிய எடுக்கும்போது பச்சையா இருக்கற துணி நம்ம கண்ணு முன்னாடியே காத்து பட்டு நீலமாகும், அத நின்னு பாருங்க, அவசரப்படாதீங்க. பதினாலு பதினாறு கட்டம் இருக்கு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல அலசறது, அலசறது, அலசறதுதான். தண்ணி இல்லன்னா இந்த வேலையே இல்ல.

இந்த தண்ணி விஷயத்தாலதான் அந்த ஊரே அங்க இருக்கு.

இவங்க எல்லாம் முன்னாடி தமட்கால இருந்தவங்க, பூஜ்லேருந்து கிழக்கால ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். சிந்துப் பக்கத்துலேருந்து பதினாறாம் நூற்றாண்டுல கட்ச் ராஜா கூப்பிட்டு வந்து குடியேறினவங்கன்னு சொல்லுவாங்க, ஆத்தங்கரையா பாத்து தமட்காவ பிடிச்சிருக்காங்க, அப்புறம் ஆறு வறண்டு கிணத்துத் தண்ணில ஓட்டிட்டு இருந்தாங்க. 2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலைல 8:46க்கு பூமி ஆடுச்சு. பச்சாவ் பக்கம்தான் மையம், அளவு 7.7ன்னு போடறாங்க. 13,800 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுல ரொம்ப பெரும்பாலானவங்க கட்ச் ஜில்லாக்காரங்க. அஞ்சார்ல கொடியேத்த நாளுக்கு ஊர்வலம் போன ஸ்கூல் பசங்க 185 பேரும் டீச்சருங்க 20 பேரும் குறுகலான சந்துல ரெண்டு பக்கமும் வீடு சரிஞ்சு அப்படியே போயிட்டாங்க. இப்ப அஞ்சார்ல அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நினைவிடம் இருக்கு, போயிட்டு வாங்க, நான் அத பத்தி இதுக்கு மேல எழுதல.

தமட்காலயும் வீடு, பட்டறை எல்லாம் தரைமட்டம். அது கூட திரும்ப கட்டிக்கலாம். ஆனா மண்ணுக்கு அடில தண்ணி மட்டம் இறங்கிடுச்சு, மிச்சம் வந்த தண்ணில இரும்பு ஏறிடுச்சு. குடிக்கற நமக்கு அது லேசா துரு வாடை, அவ்ளோதான். சாயக்காரங்களுக்கு அது தொழிலுக்கே முடிவு. நம்ம ஊர்ல பழைய காலத்துல கடுக்காயும் இரும்பும் சேத்து மை காய்ச்சுவாங்க தெரியுமா, கடுக்காய்ல இருக்கற துவர்ப்பும் இரும்பும் சேந்தா கறுப்பாயிடும், அதே சமாச்சாரம்தான். இங்க துணி மொத்தமும் கடுக்காய்ல முக்கினது, அத இரும்புத் தண்ணில அலசினா கறுப்பு வேண்டாத இடத்துல எல்லாம் கறுப்படிக்கும், சிவப்பு அழுக்குச் சிவப்பா ஆகும், வெள்ளை சாம்பலா ஆகும். பாய் எனக்கு ரெண்டு துண்டுத் துணிய பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினாரு, ஒரே அச்சு, ஒரே சாயம், தண்ணி மட்டும் வேற. ஒண்ணு மாதுளை முத்து மாதிரி பளபளன்னு சிவப்பு, இன்னொண்ணு காஞ்ச ரத்தக்கறை நிறம். வாயால எவ்ளோ சொன்னாலும் புரியாதது அந்த ரெண்டு துண்டைத் தொட்டுப் பாத்ததும் புரிஞ்சுது.

அதனால அந்த சமூகத்துப் பெரியவங்க உக்காந்து பேசி, தண்ணிய முக்கியமா வச்சு வேற இடம் தேடியிருக்காங்க. பூஜ் பக்கத்துல நல்ல தண்ணி இருக்கற நிலமா பாத்து அங்க ஒரு புது ஊரையே உண்டாக்கினாங்க, பள்ளிவாசல், வீடு, பட்டறை, அலசற தொட்டின்னு. முன்ன நின்னு செஞ்சதுல முக்கியமானவர் டாக்டர் இஸ்மாயில் முகம்மது கத்ரி, இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கற டி மான்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டி அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்தது. எல்லாரும் வந்துடல, தமட்காலயே இருந்து திரும்ப கட்டிக்கிட்ட குடும்பங்களும் நிறைய, அங்கயும் இன்னிக்கு அச்சு அடிக்கறாங்க. அண்ணன் இங்க தம்பி அங்கன்னு பிரிஞ்ச வீடுகளும் உண்டு, அத பாய் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குச்சு.

நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 சுனாமி வந்தப்ப எங்க ஜில்லாவுல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க, அதனால இந்த கதைய சும்மா டூரிஸ்ட்டா கேக்க முடியல, கேள்வியா கேட்டுட்டே இருந்தேன், அவரும் சலிக்காம சொன்னாரு. நான் முக்கியமா கேட்டது, உதவின்னு என்ன வந்துச்சு, அதுல எது உங்களுக்கு ஆச்சுங்கறதுதான்.

கட்ச்க்கு வந்த உதவி சாதாரணம் இல்ல. பூஜ்ல அரசு ஆஸ்பத்திரியே இடிஞ்சு விழுந்துடுச்சு, ஜூபிலி மைதானத்துல திறந்த வெளில வச்சு டாக்டருங்க வைத்தியம் பாத்தாங்க, அப்புறம் செஞ்சிலுவைச் சங்கம் நார்வே, பின்லாந்து நாட்டு ஆளுங்களோட வந்து கூடாரத்துலயே பெரிய ஆஸ்பத்திரி போட்டாங்க, இஸ்ரேல் ராணுவம் ஒண்ணு போட்டுச்சு. பிரிட்டன், சுவிஸ், ரஷ்யா, துருக்கிலேருந்து எல்லாம் இடிபாட்டுல ஆள் தேடற குழுக்கள் வந்தாங்க. கார்கில் சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம் கூட ஆகல, பாகிஸ்தான்லேருந்து கூடாரமும் போர்வையும் ஏத்திக்கிட்டு விமானம் அகமதாபாத்ல வந்து இறங்குச்சு, முஷாரப் வாஜ்பாய்க்கு போன் பண்ணி பேசினாரு. நாலு வருஷம் கழிச்சு 2005ல காஷ்மீர் பூகம்பத்துல அவங்க பக்கம் சாவு குவிஞ்சப்ப இங்கேருந்து சாமான் போச்சு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன் குடுத்தது தனி. லண்டன்லயும் நைரோபிலயும் இருக்கற கட்ச் படேல்கள் அனுப்பின காசு இன்னொரு பெரிய ஆறு, அவங்க ஊருக்கெல்லாம் அரசாங்கப் பணம் வர்றதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சுடுச்சு. இப்ப பூஜ்ல இருக்கற அரசு ஆஸ்பத்திரி பிரதமர் நிவாரண நிதில திரும்ப கட்டினது, அடித்தளத்துல ஈயமும் ரப்பரும் வச்ச தாங்கி மேல நிக்குது, நியூசிலாந்து டெக்னாலஜி, பூமி ஆடினா கட்டடம் கூடவே ஆடாம தனியா லேசா நகர்ந்து குடுக்கும்.

இதெல்லாம் இருந்தும் ஒரு சாயக்காரனுக்கு என்ன வேணும்ங்கறது வெளிலேருந்து வந்த யாருக்கும் பாத்த உடனே தெரியாது. அரிசி தேவை, தார்ப்பாய் தேவை, போர்வை தேவை, ஜனவரி குளிர்ல அது உயிரைக் காப்பாத்துச்சு, பாய் அத நன்றியோடதான் சொன்னாரு. ஆனா அடுத்த வருஷம் சோறு போடப்போறது இரும்பு இல்லாத தண்ணி, அத கேட்டாத்தான் தெரியும். கேக்கற வழி கட்ச்ல இருந்துச்சுங்கறதுதான் நான் அங்க கத்துக்கிட்ட பெரிய விஷயம். 1998 புயலப்ப அங்க இருந்த தொண்டு நிறுவனங்க எல்லாம் ஒண்ணா சேந்து கட்ச் நவநிர்மாண் அபியான்னு ஒரு கூட்டமைப்பு வச்சிருந்தாங்க, பூகம்பம் வந்ததும் அவங்க சேதுன்னு பேர் வச்சு பகுதி பகுதியா மையம் போட்டாங்க, எந்த ஊருக்கு என்ன வேணும்னு ஊர்லேருந்து மேல போகும், எந்த திட்டத்துல என்ன பணம் வருதுன்னு மேலேருந்து ஊருக்கு வரும்.

வீடு விஷயத்துலயும் அப்படித்தான். முதல்ல ஊரையே பேத்து வேற இடத்துல வைக்கலாம், ஒரு கம்பெனியோ நிறுவனமோ ஊரை தத்து எடுத்து கட்டித் தரட்டும்னு பேச்சு வந்துச்சு, நிறைய ஊர்ல ஜனங்க மாட்டோம்னுட்டாங்க, எங்க மண்ணுல எங்க வீட்டை நாங்களே கட்டிக்கறோம், பணமும் சிமெண்டும் இஞ்சினியரும் குடுங்கன்னாங்க. அரசாங்கமும் அதுக்கு இறங்கி வந்துச்சு. பணம் தவணை தவணையா பேங்க் கணக்குல வரும், ஒரு கட்டம் சரியா கட்டியிருக்கான்னு இஞ்சினியர் வந்து பாத்தாத்தான் அடுத்த தவணை. ரெண்டு லட்சத்துக்கு மேல புது வீடு எந்திரிச்சதுல பெரும்பங்கு அப்படி சொந்தக்காரங்க நின்னு கட்டினதுதான். கட்ச்ல பன்னிங்கற புல்வெளிப் பக்கம் போனா உருண்டையா மண்சுவர் வீடு இருக்கும், 'புங்கா'ன்னு சொல்றாங்க, கான்கிரீட் கட்டடம் விழுந்தப்ப அதுல நிறைய தாங்கி நின்னுச்சு, உருண்டைச் சுவர்ல மூலை இல்லாததால ஆட்டம் சுத்திப் பரவிடுது. அதப் பாத்து, பெரிய பெரிய இஞ்சினியருங்களும் ஆர்க்கிடெக்டுங்களும் உள்ளூர் கொத்தனார் கிட்ட கத்துக்கிட்டு மண்ணுலயே பலமா கட்டற வழிய வளத்தெடுத்தாங்க, பூஜ்ல ஹுன்னர்ஷாலான்னு ஒரு அமைப்பு அப்படி உருவானதுதான்.

எங்க ஊர்ல எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாத்தேன். நாகூர் ரோட்ல ரெண்டு பக்கமும் பழைய துணி குவிஞ்சு கிடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு, எங்கெங்கேருந்தோ நல்ல மனசோட லாரி லாரியா அனுப்பினது, ஸ்வெட்டர் கூட இருந்துச்சு, நாகப்பட்டினத்துல ஸ்வெட்டர யார் போடறது, கிழிஞ்ச துணிய குடுக்கறாங்களேன்னு எங்க மீனவ சனம் கையால தொடல. கொளுத்தற வெயில்ல தார் ஷீட் போட்ட கொட்டகைல குடும்பத்தோட வேக வச்சாங்க. அதே சமயம் நல்லதும் நடந்துச்சு, கலெக்டர் ஆபீஸோட சேந்து தொண்டு நிறுவனங்கள ஒருங்கிணைக்க ஒரு மையம் போட்டாங்கல்ல, அத அமைக்கறதுக்கு கட்ச் அபியான் அனுபவம்தான் கைகுடுத்துச்சு, அங்கேருந்து ஆளுங்க வந்து கூட நின்னாங்க. அத பாய் கிட்ட சொன்னேன். "அச்சா, எங்க ஆளுங்க உங்க ஊருக்கு வந்தாங்களா பெஹன்"னு கேட்டு, உள்ள போய் வீட்டுக்காரம்மாவ கூட்டிட்டு வந்து திரும்ப சொல்லச் சொன்னாரு. அந்த அம்மா எனக்கு ஹிந்தி தட்டுத்தடுமாறுதுன்னு தெரிஞ்சும் முழுசா கேட்டுட்டு, கைய பிடிச்சுக்கிட்டு ரொட்டியும் பூண்டு சட்னியும் மோரும் வச்சு சாப்பிடாம அனுப்பமாட்டேன்னுட்டாங்க.

சரி, துணிக்கு வரேன். வாங்கிட்டு வந்து நல்லா துவைச்சு பாத்துட்டுத்தான் எழுதறேன். முதல் அலசல்ல தண்ணில நீலம் கொஞ்சம் வந்துச்சு, ரெண்டாவதுல குறைஞ்சுது, அப்புறம் சுத்தமா இல்ல. சிவப்பும் கறுப்பும் துளி கூட போகல. காட்டன் சேலை துவைக்க துவைக்க மெத்துன்னு ஆகுது, உடம்புல உறுத்தாது, நம்ம ஊர் வேர்வைக்கு ரொம்ப சரி. அச்சு பாத்தீங்கன்னா கட்டையும் கட்டையும் சேர்ற இடத்துல அங்கங்க ஒரு நூல் அளவு தள்ளியிருக்கும், கையால அடிச்சதுக்கு அதுதான் அடையாளம். மோடல் ஸ்டோல்தான் எனக்கு முழு திருப்தி இல்ல, பாக்க பட்டு மாதிரி மின்னுது, விழுற அழகு அழகுதான், ஆனா ஓரத்துல நூல் சீக்கிரம் இழுபடுது, பின் குத்தினா ஓட்டை நிக்குது. அதே காசுக்கு காட்டன் துப்பட்டா எடுங்க.

கடைய பத்தின குறைன்னா, கார்டு மெஷின் நான் போனப்ப வேலை செய்யல, ஜிபே சிக்னல் கிடைக்காம வெளில வந்து நின்னு அனுப்ப வேண்டியதாச்சு, கைல பணம் வச்சுக்கங்க. வெளிநாட்டு ஆர்டர் போயிட்டு இருந்ததால பச்சை, மஞ்சள் நிறத்துல சேலை அதிகம் இல்ல, மாதுளம் தோல்ல காய்ச்சற மஞ்சள் எனக்கு வேணும்னு ஆசையா போனேன், ரெண்டே ரெண்டு பீஸ்தான் இருந்துச்சு. வாட்ஸப்ல போட்டோ அனுப்பினா கொரியர்ல அனுப்பறேன்னாரு, சொன்னபடி அனுப்பியும் விட்டாரு, ஆனா சொன்ன தேதிக்கு ரொம்ப தள்ளித்தான் வந்துச்சு. மழைக்காலத்துல துணி காயாது, வேலை மெதுவாகும், அதனால ஜூலை ஆகஸ்ட்ல அவசர ஆர்டர் குடுக்காதீங்க.

ஆன்லைன்ல எழுநூறு ரூபாய்க்கு அஜ்ரக் சேலைன்னு வர்றது ஸ்கிரீன் பிரிண்ட், மெஷின் பிரிண்ட். டிசைன் மட்டும் எடுத்துக்கறாங்க. திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வெளிறிப்போய் இருக்கும், ஒவ்வொரு பூவும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும், தொட்டா ரப்பர் பூசின மாதிரி இருக்கும். 2024ல கட்ச் அஜ்ரக்குக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, வாங்கும்போது அத கேளுங்க. கெமிக்கல் சாயத்துல கைஅச்சு அடிக்கறதும் அந்தப் பக்கம் உண்டு, விலை பாதிதான், அது ஏமாத்து இல்ல, எது எதுன்னு கேட்டா மறைக்காம சொல்றாங்க, இயற்கை சாயம்தான் வேணும்னா வாய்விட்டு கேட்டுடுங்க.

அஜ்ரக்பூர்லயே எல்.எல்.டி.சி.ன்னு ஸ்ருஜன் அமைப்போட கைவேலை மியூசியம் ஒண்ணு இருக்கு, 2016ல திறந்தது, கட்ச் எம்பிராய்டரி எல்லாம் சாதி வாரியா ஊர் வாரியா அங்க பாக்கலாம், கடைக்கு முன்னாடி அங்க போனா கண்ணு பழகிடும். பூஜ் திரும்பும்போது பூஜியா மலைல ஸ்மிருதிவன் இருக்கு, 470 ஏக்கர்ல 2022ல திறந்த பூகம்ப நினைவிடம், செத்தவங்க பேரை எல்லாம் தடுப்பணைச் சுவத்துல பொறிச்சு வச்சு அதுல மழைத்தண்ணி சேத்து மரம் வளக்கறாங்க. உள்ள பூகம்பம் எப்படி இருந்துச்சுன்னு தரை ஆடற ஒரு தியேட்டர் இருக்கு, சின்னப் பசங்களையும் மனசு இளகினவங்களையும் அங்க உள்ள கூட்டிட்டு போகாம பேர் பொறிச்ச பக்கம் மட்டும் நடக்க விடுங்க. காலைல அஜ்ரக்பூர், மதியம் சாப்பாடு, சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம் ஸ்மிருதிவன், இதுதான் சரியான வரிசை, ஏன்னா பட்டறைல சாயம் காய்ச்சறது எல்லாம் காலைலதான், மதியத்துக்கு மேல போனா காய்ற துணிய மட்டும்தான் பாக்க முடியும்.

துவைக்கறதுக்கு: முதல் மூணு தடவை தனியா, பச்சைத் தண்ணில, பூந்திக்கொட்டையோ லேசான ஷாம்புவோ போட்டு. நிழல்ல காயப்போடுங்க. உங்க வீட்டு போர் தண்ணி துரு அடிக்கற தண்ணின்னா அதுல இந்த துணிய அலசவே அலசாதீங்க, கேன் தண்ணியோ மழைத்தண்ணியோ பிடிச்சு அலசுங்க.